இருபத்திமூணு கேள்வி

அந்த ஃபைலை ஏன் தம்பி இப்பிடி நெஞ்சோட சேத்துப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க? மேல வைக்கறதுதானே? வேணாமா? சரி, வேணாம். உள்ள பத்திரம்தானே? நான் ஏறினதுமே கண்டுபிடிச்சுட்டேன். வீடா, காலி மனையா? வீடு. முதல் வீடு, அதானே? மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருக்குது. திண்டிவனம் பத்திர ஆபீஸ்ல பதினொரு மணிக்கு டோக்கனா? போயிடலாம், போயிடலாம், இந்த வண்டி நேரத்துக்குப் போயிடும்.

நான் செஞ்சில இறங்கிடுவேன். என் தங்கச்சி பொண்ணுக்கு இன்னிக்குக் கல்யாணம். நான்தான் தாய்மாமன். மடியில துண்டு போட்டு மூடி வச்சிருக்கேனே, இது சீர்த்தட்டு. பட்டுப்புடவை, மாலை, பொண்ணு நெத்தியில கட்டற பட்டம், எல்லாம் இருக்குது. தாய்மாமன் பட்டம் கட்டினாத்தான் பொண்ணு மணவறைக்கே வரும். எங்க பக்கம் அதுதான் முறை. பத்திரிகை இன்னும் என் கைக்கு வரல. கொரியர்காரன் எங்க போட்டுட்டுப் போனானோ. இந்தக் காலத்துல எவன் தம்பி வேலைய ஒழுங்கா செய்யறான்? ரேஷன் கடையில ஒரு சொந்தக்காரம்மா சொல்லித்தான் தேதியே தெரியும். அதனால என்ன? தாய்மாமனுக்குப் பத்திரிகை எதுக்கு? நான் போகாம எப்பிடி நடக்கும்?

இன்னிக்கு திங்கக்கிழமை. ராகுகாலம் ஒம்போது மணிக்குத்தான் முடியுது. அதுக்கு மேலதான் முகூர்த்தம் வச்சிருப்பாங்க. நேரம் இருக்குது.

அது கெடக்கட்டும். நீங்க சொல்லுங்க. நீங்களும் கேள்வி கேட்டு கேட்டுத்தான் வாங்கறீங்களா? செல்போன்ல பாத்து, 'முதல் முறை வீடு வாங்குபவர்கள் கேட்கவேண்டிய கேள்விகள்' அப்பிடின்னு? பாருங்க, சிரிக்கறீங்க. அப்ப கேட்டிருக்கீங்க. உங்களைச் சொல்லலை தம்பி. ஆனா எங்க வீட்டை வாங்க ஒரு ஜோடி வந்தது பாருங்க, அந்த மாதிரி ஜென்மங்களை நான் பாத்ததே இல்லை.

நான் யாருன்னு சொல்லலையே. ஏகாம்பரம். முப்பத்திரெண்டு வருஷம் வீடு வீடா மீட்டர் ரீடிங் எடுத்தவன். எங்க டவுன்ல நான் ஏறாத படி கிடையாது. ஒரு வீட்டு வாசல்ல நின்னா போதும், உள்ள யாருக்கும் யாருக்கும் பேச்சு வார்த்தை இல்லைங்கறதை அப்பிடியே சொல்லிடுவேன். மனுசங்களைப் பாத்தவன் தம்பி நான். என்கிட்ட வந்து கேள்வி கேக்கறாங்களாம்.

வீடு எங்கப்பா கட்டினது. அவர் பேரு பாலகுரு. என் பையன் சென்னையில பிளாட் வாங்கறான், நீங்க ரெண்டு பேரும் இங்க எதுக்குத் தனியா கெடக்கறீங்க, வித்துட்டு வந்துடுங்கன்னான். சரின்னு புரோக்கர்கிட்ட சொல்லி வச்சேன். வந்துச்சு இந்த ஜோடி. அவன் பேரு தினகரன், வாயில்லாப்பூச்சி. அவ பேரு சிந்துஜா. அவனுக்கும் சேத்து அவ பேசிடுவா. வீட்டுக்குள்ள வந்தவ, சாமி ரூம் எங்கன்னு கேக்கல, கிணத்துத் தண்ணி உப்பான்னு கேக்கல. பையிலருந்து ஒரு நோட்டை எடுத்தா. "சார், இருபத்திமூணு கேள்வி இருக்கு, ஒண்ணொண்ணா கேட்டுடட்டுமா?"ன்னா. என் வீட்டு சோபாவுல உக்காந்துக்கிட்டு, என் பொண்டாட்டி குடுத்த காபிய குடிச்சுக்கிட்டு.

"வில்லங்கம் முப்பது வருஷத்துக்குப் போட்டிருக்கீங்களா சார்?" இது முதல் கேள்வி. அந்த வீட்டை யாருக்காவது அடமானம் வச்சேனா, வித்தேனான்னு பாக்கறாளாம். எங்கம்மா செத்தது அந்த வீட்டுல. என் கல்யாணம் நடந்தது அந்த வீட்டுல. அதுக்கு வில்லங்கமாம். குடுத்தேன். "தாய்ப்பத்திரம் ஒரிஜினல் பாக்கலாமா?" எங்கப்பா எழுபத்தெட்டுல மனை வாங்கின பத்திரம், அதை ஒவ்வொரு பக்கமா செல்போன்ல போட்டோ எடுத்தா. பட்டா யார் பேர்ல? வீட்டு வரி யார் பேர்ல? கரண்ட் யார் பேர்ல? கரண்டைப் பத்தி என்கிட்டயே கேக்கறா பாருங்க. "கட்டட பிளான் அப்ரூவல் இருக்கா சார்?" எங்கப்பா பிளான் போட்டது கரித்துண்டால, தரையில. மழை வந்து அழிச்சுட்டுப் போயிருச்சும்மான்னேன். சிரிக்காம எழுதிக்கிட்டா, 'பிளான் இல்லை'ன்னு.

அப்புறம் டேப்பை எடுத்தாங்க. அவன் ஒரு முனை, இவ ஒரு முனை. "சார், பத்திரத்துல நாப்பத்திரெண்டு அடி போட்டிருக்கு. இங்க நாப்பத்தொண்ணரைதான் வருது. அரை அடி எங்க சார்?" அரை அடி எங்கயாம்! நான் என்ன அதை மடிச்சு பாக்கெட்டுலயா வச்சிருக்கேன்? எங்கப்பா காலத்து அடி கொஞ்சம் பெரிசும்மான்னேன். அதுக்கும் அந்தப் பய சிரிக்கலை. கல்யாணம் பண்ணிப் பார், வீட்டைக் கட்டிப் பார்னு பெரியவங்க சொன்னாங்க. இதுங்க கட்டறதும் இல்லை, பாக்கறது மட்டும்தான்.

நான் சொல்றேன் தம்பி, கேள்வி கேக்கறவனுக்கு வாழ்க்கையில எதுவும் கூடி வராது. எங்கப்பா மனை வாங்கினப்ப என்ன கேட்டாரு? விக்கறவன் மூஞ்சிய பாத்தாரு. வெத்தலபாக்கு மாத்தினாரு. முடிஞ்சுது. மூஞ்சிய பாத்தா தெரியாதா? என் மூஞ்சிய பாத்தா ஏமாத்தறவன் மாதிரியா இருக்குது? சொல்லுங்க.

அதான்.

பத்தொம்போதோ இருபதோ, அந்தக் கேள்விலதான் சனியன் பிடிச்சது. எங்கப்பாவோட இறப்புச் சான்றிதழைக் கேட்டா. குடுத்தேன். படிச்சா. "சார், அப்பா செஞ்சில இறந்திருக்காரே. அங்க யார் சார் இருக்காங்க?"ன்னா. எனக்குப் பெருமையாத்தான் இருந்தது தம்பி, மறைக்க என்ன இருக்குது? என் தங்கச்சி வீடும்மா, பேரு தமயந்தின்னேன். அப்பாவுக்குக் கை கால் இழுத்துக்கிட்டப்ப அவதான் கூட்டிக்கிட்டுப் போயி வச்சுக்கிட்டா. எட்டு மாசம். சோறு ஊட்டி, துணி மாத்தி, ராஜா மாதிரி பாத்துக்கிட்டா. என் வீட்டுல வச்சுக்க முடியாதா என்ன? என் பொண்டாட்டி வசந்தாவுக்கு முதுகுவலி. பொண்ணுன்னா அது கடமைதானே? நான் வாராவாரம் ஞாயித்துக்கிழமை ஆரஞ்சுப் பழத்தோட போயிடுவேன். அது மட்டுமா, அவ கல்யாணத்தை நான்தான் நின்னு நடத்தினேன், மூணு வேளைப் பந்தி, இலைக்கு ரெண்டு இனிப்பு. இன்னிக்கும் எங்க தெருவுல பேசுவாங்க. இதையெல்லாம் சொன்னேன். வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்.

அந்தப் பொண்ணு பேனாவக் கீழ வச்சா. நோட்டை மூடிட்டு ஃபைலை எடுத்தா. ஒரு பேப்பரை உருவினா. "கூடப்பொறந்த தங்கச்சியா சார்?"

"பின்ன, கூடப்பொறக்காத தங்கச்சி வீட்டுலயா எங்கப்பாவப் போட்டு வைப்பேன்?"

"வாரிசுச் சான்றிதழ்ல அவங்க பேர் இல்லையே சார். உங்க பேர் மட்டும்தான் இருக்கு."

இதான் தம்பி, இந்தக் காலத்துப் படிப்பு. ஒரு மனுசன் மனசு விட்டுத் தங்கச்சியப் பத்திப் பேசறான். அதைக் கேட்டு ஒரு 'அச்சச்சோ' கிடையாது, ஒரு 'அப்பிடியா சார்' கிடையாது. உடனே பேப்பர்.

நீங்களும் அதே மாதிரி பாக்கறீங்க. சொல்றேன், இருங்க. அப்பா போனதும் வாரிசுச் சான்றிதழ் வாங்கணும்னாங்க. வீட்டை என் பேருக்கு மாத்தணுமில்ல? எழுதிக் குடுத்தேன். தாலுகா ஆபீஸ்லருந்து விசாரிக்கறவரு வீட்டுக்கு வந்தாரு, நாற்காலி போட்டேன், மோர் குடிச்சாரு. "உங்கப்பாவுக்கு எத்தனை பிள்ளைங்க?"ன்னாரு. ஒண்ணுன்னேன். அவ்வளவுதான். நான் என்ன கொலையா பண்ணிட்டேன்? அவ செஞ்சில இருக்கா. ரெண்டு பிள்ளைங்களைப் படிக்க வைக்கறா. அவ புருஷன், எங்க மாப்பிள்ளைக்கு ஒரு சைக்கிள் கடை. அவளைக் கூப்பிட்டு, ஆபீஸ் வாசல்ல வெயில்ல நிக்க வச்சு, ஆதார் கொண்டா, போட்டோ கொண்டான்னு எதுக்கு அலைய விடணும்? நல்லதுக்குத்தான் தம்பி பண்ணினேன். கட்டிக் குடுத்த பொண்ணுக்குப் பொறந்த வீட்டுல சீர் உண்டு, பாசம் உண்டு. செங்கல்லுல என்ன உரிமை? சட்டம் இருக்குதாம். சட்டம் போட்டவன் வீட்டுல தங்கச்சி இருந்திருக்க மாட்டா.

அந்த சிந்துஜாகிட்ட இதைப் பொறுமையா சொன்னேன். "அது ஆம்பளைங்க விஷயம்மா, அவ ஒண்ணும் கேக்க மாட்டா, நான் கேரண்டி"ன்னேன். "கேக்க மாட்டாங்கன்னா கையெழுத்து போடறதுல என்ன சார் கஷ்டம்?"ங்கறா. வயசு முப்பது இருக்குமா? வாயைப் பாத்தீங்களா? அந்தத் தினகரனாவது, 'ஏம்மா பெரியவரு சொல்றாரு'ன்னு ஒரு வார்த்தை சொன்னானா? டேப்பைச் சுருட்டிக்கிட்டு நின்னான்.

போங்கன்னுட்டேன். நீங்க இல்லைன்னா நூறு பேரு. நூறு பேருல நாலு பேரு வந்தாங்க. எல்லாரும் பேங்க் லோன். பேங்க்ல வக்கீல். அந்தச் சிந்துஜா பத்த வச்சது புரோக்கர் வழியா ஊரெல்லாம் பரவிடுச்சு, வர்றவன் எல்லாம் 'உங்களுக்கு ஒரு சிஸ்டர் இருக்காங்களாமே'ன்னு ஆரம்பிக்கறான். புரோக்கர் சொன்னான், "சித்தப்பா பொண்ணுன்னு சொல்லிடுங்க சார்"னு. நானும் ஒருத்தன்கிட்ட சொல்லிப் பாத்தேன். அவன் கூட்டிக்கிட்டு வந்த வக்கீல் வயசானவரு. என் மூஞ்சிய பாத்துட்டு, "முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்காதீங்க ஐயா, தங்கச்சிகிட்ட போயிப் பேசுங்க"ன்னாரு. என் வீட்டுல உக்காந்துக்கிட்டு என்னையே சொல்றாரு பூசணிக்காய்னு. இவங்களுக்கெல்லாம் யாரு படிப்பு குடுத்தது?

சரி, என்ன இப்ப, போயிக் கேட்டா போடறா. ஒரு புடவை எடுத்தேன். வாழைப்பழம், பூ. செஞ்சிக்குப் போனேன். இதே பஸ்சுதான்.

தமயந்திக்கு என்னைக் கண்டா அவ்வளவு சந்தோஷம் தம்பி. வாசல்லயே பையை வாங்கிக்கிட்டா. "என்ன அண்ணா, சொல்லாம கொள்ளாம"ன்னா. கோழி அடிக்கட்டுமா, மீன் வாங்கிட்டு வரச் சொல்லட்டுமான்னு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஓடறா. நான் சொன்னேன், ஒண்ணும் வேணாம், வீட்டை விக்கறேன், ரெண்டே ரெண்டு கையெழுத்து வேணும்னு. ஒண்ணு வாரிசுல உன் பேரைச் சேக்கறதுக்கு. இன்னொண்ணு, விடுதலைப் பத்திரம், உன் பேரை எடுக்கறதுக்கு. அவ படிக்கக்கூட இல்லை. ஈரக் கையை முந்தானையில தொடச்சுக்கிட்டு, "எங்க அண்ணா போடணும்?"னு பேனாவ வாங்கிட்டா. அப்பிடிப்பட்ட பொண்ணு. நான் அந்தச் சிந்துஜாவை நினைச்சுக்கிட்டேன், வந்து பாருடி இதைன்னு.

இலக்கியாதான் கெடுத்தா. தங்கச்சி பொண்ணு, இன்னிக்குக் கல்யாணம் ஆகப்போறவ. பி.காம். படிச்சிருக்கா. "இரும்மா, என்னன்னு பாக்கலாம்"னு பேப்பரை வாங்கினா. அடியில பழைய சான்றிதழும் இணைச்சிருந்தது. அதை உரக்கப் படிக்கறா. "காலஞ்சென்ற பாலகுருவின் வாரிசுகள். ஒன்று, ஏகாம்பரம், மகன்."

"ரெண்டு?"ன்னா தமயந்தி.

"ரெண்டு இல்லம்மா. ஒண்ணோட முடிஞ்சிருச்சு."

தமயந்திக்குப் புரியலை. மகளைப் பாத்தா, என்னைப் பாத்தா. "என் பேரை எழுத மறந்துட்டாங்களா அண்ணா?"

நானும், ஆமா மறந்துட்டாங்கன்னு சொல்லியிருக்கலாம். பொய் சொல்ல எனக்கு வராது தம்பி. "அதெல்லாம் எதுக்கு இப்ப, உன்னை அலைய விட வேணாம்னு பாத்தேன்"னேன்.

"அப்பாவுக்கு எத்தனை பிள்ளைங்கன்னு கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"விடு தமயந்தி."

"சொல்லு அண்ணா."

"ஒண்ணுன்னேன்."

அழுவான்னு நினைச்சேன். அழலை. கத்துவாளோன்னு நினைச்சேன், அதுவும் இல்லை. மாப்பிள்ளை கடையிலருந்து வந்து நின்னாரு. தமயந்தி மககிட்டருந்து அந்தப் பேப்பரை வாங்கினா. அப்பா கட்டில் போட்டிருந்த இடம், கூடத்துல சன்னல் ஓரமா, அந்தப் பக்கம் ஒரு தடவ பாத்தா. அப்புறம் கையெழுத்து போட்டா. சுத்தமா, நிதானமா, தமயந்தின்னு. எழுந்து அடுப்படிக்குப் போயிட்டா. காபி வந்தது. இலக்கியா கொண்டு வந்து வச்சா. கோழி அடிக்கறதைப் பத்தி அதுக்கப்புறம் யாரும் பேசலை. எனக்கும் பஸ்சுக்கு நேரமாச்சு.

எனக்குக் கொஞ்சம் சங்கடமாத்தான் இருந்தது. நான் என்ன கல்லா? ஆனா ஒரு பேப்பர் தம்பி. ஒரு காகிதம். அதுல பேரு இல்லைன்னா நீ என் தங்கச்சி இல்லைன்னு ஆயிடுமா? பொறந்ததுலருந்து பாத்தவன் நான். ஜுரம் வந்தா தோள்ல போட்டுக்கிட்டு தர்மாஸ்பத்திரிக்கு ஓடினவன். இலக்கியாவுக்குக் காது குத்தினது என் மடியில வச்சு. அது எந்தச் சான்றிதழ்ல இருக்குது?

புதுச் சான்றிதழ் வந்தது. ஒண்ணு ஏகாம்பரம், ரெண்டு தமயந்தி. அந்தச் சிந்துஜாவுக்கே போன் பண்ணினேன், போதுமாம்மான்னு. "விடுதலைப் பத்திரம் முதல்ல பதிவாகட்டும் சார்"ங்கறா. ஆனை வாங்கினவன் அங்குசத்துக்குப் பேரம் பேசுவான்னு கேட்டிருக்கேன். இவ ஆனையவே இன்னும் வாங்கலை, அதுக்குள்ள இவ்வளவு.

பதிவு அன்னிக்கு தமயந்தி தனியா பஸ் ஏறி வந்தா. கூட மாப்பிள்ளை வரலை. நான் புதுப் புடவை வச்சிருந்தேன், முன்னாடி எடுத்ததை அவ கட்டலையேன்னு இன்னொண்ணு. உள்ள கூப்பிட்டாங்க. விரல் வச்சா, போட்டோ பிடிச்சாங்க. பதிவாளரம்மா கேட்டாங்க, வழக்கமா கேக்கறதுதான், "யாரும் வற்புறுத்தலையே?"

"இல்லைங்க."

"இவரு உங்க அண்ணன்தானே?"

இவ மேசையில இருந்த பத்திரத்தை எட்டிப் பாத்தா. "இதுல அப்பிடித்தாங்க போட்டிருக்குது"ன்னா. அந்தம்மா லேசா சிரிச்சுட்டு, "உங்க பாகத்தை முழுசா விட்டுக் குடுக்கறீங்க, சம்மதமா?"ன்னாங்க. தமயந்தி சொன்னா பாருங்க, "எல்லாத்தையும் விட்டுக் குடுத்துட்டேங்க"ன்னு. எல்லாத்தையும். எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு தம்பி. எவ்வளவு பெரிய மனசு! அவளுக்குன்னு ஒரு தொகை கவர்ல போட்டு வச்சிருந்தேன், தொடலை. புடவையையும் அந்த பெஞ்சுலயே வச்சுட்டுப் போயிட்டா. ஓட்டல்ல சாப்பிட்டுப் போம்மான்னேன். பஸ் இருக்குதுன்னா. மாப்பிள்ளைக்கு சுகர், நேரத்துக்குச் சாப்பாடு போடணும், பாவம்.

ரெண்டு வாரத்துல வீட்டைச் சிந்துஜா பேருக்கும் அவ புருஷன் பேருக்கும் எழுதிக் குடுத்தேன். எல்லாம் முடிஞ்சு சாவியக் குடுக்கறேன். அவ சாவிய வாங்காம நிக்கறா. "சார், இன்னொண்ணு கேக்கலாமா?" இருபத்திமூணும் கேட்டாச்சேம்மான்னேன். "இது நோட்டுல இல்ல சார். அந்தம்மா மனசார கையெழுத்து போட்டாங்களா?"ன்னா.

பாத்தீங்களா அக்கிரமத்தை! இது எந்தப் பத்திரத்துல வருது? இதுக்கு எந்த ஆபீஸ்ல சான்றிதழ் வாங்கறது? குதிரை கீழ தள்ளினதும் இல்லாம குழியும் பறிச்ச கதை. நீ கேட்ட கேள்வியாலதானேடி எல்லாமே! நீ பாட்டுக்கு மத்தவங்க மாதிரி வாங்கியிருந்தா அந்தப் பேப்பரை இலக்கியா படிச்சிருப்பாளா? தமயந்தி கோழி அடிச்சிருப்பா. நான் சாப்பிட்டு வந்திருப்பேன். "மனசாரத்தான் போட்டா, நீ சாவியப் பிடி"ன்னு அவ கையில திணிச்சுட்டு வந்துட்டேன்.

அதுக்கப்புறம் அஞ்சு மாசமாச்சு. தமயந்திக்குப் போன் போட்டா ஒரு அடி அடிச்சுட்டு நின்னுடுது. செஞ்சிப் பக்கம் டவர் சரியில்லைன்னு நினைக்கிறேன். பொங்கலுக்குச் சீர் அனுப்பினேன், வீடு பூட்டியிருக்குதுன்னு திரும்பி வந்துடுச்சு. கல்யாண வேலை, எங்கயாவது அலைஞ்சிருப்பாங்க. வசந்தாவையும் கூப்பிட்டேன் கல்யாணத்துக்கு. "கூப்பிடாத வீட்டுக்கு நான் வரலை, நீங்களும் போகாதீங்க"ங்கறா. அவளுக்கு எப்பவும் என் தங்கச்சின்னா ஆகாது. ரத்த உறவு பொண்டாட்டிகளுக்குப் புரியுமா? நான் இல்லாம இலக்கியா நெத்தியில யாரு பட்டம் கட்டுவா? தமயந்தி எல்லார் எதிர்லயும் எனக்காகத்தானே காத்துக்கிட்டு நிப்பா? அவ மானம் போகலாமா?

என்ன தம்பி, ஊர் வந்துடுச்சா? அந்தா மலை தெரியுது. கோட்டை மேல வெயில் வந்துடுச்சு பாருங்க.

தம்பி, ஒரு சின்ன உதவி. உங்க போன்லருந்து என் தங்கச்சி நம்பருக்குப் போட்டுத் தர முடியுமா? என்னதுலதான் போக மாட்டேங்குதே. எந்த மண்டபம்னு தெரியலை. அதை மட்டும் கேட்டாப் போதும். தாய்மாமன் நானு, போயி அடுத்தவன்கிட்டயா மண்டபம் எதுன்னு விசாரிக்கறது? அசிங்கமா இருக்காது? இதோ, இந்தத் தாள்ல எழுதியிருக்கேன், கடைசில ரெண்டு ஏழு. போடுங்க.

அடிக்குதா? அடிக்குதில்ல? நான்தான் சொன்னேனே, டவர்தான் கோளாறுன்னு.

எடுத்துட்டாளா? மேளச் சத்தம் கேக்குதா? நீங்களே பேசுங்க தம்பி, எனக்கு இந்த இரைச்சல்ல காது சரியா கேக்காது. என்னது? பந்தி நடக்குதா? காலை டிபன் பந்தியா இருக்கும். இல்லையா? தாலி கட்டியாச்சா? எப்பிடி? ராகுகாலம் இப்பத்தானே முடிஞ்சுது? ஆறு மணி முகூர்த்தமா?

பட்டம் யாரு கட்டினாங்கன்னு கேளுங்க. கேளுங்க தம்பி. தமயந்தி வீட்டுக்காரரோட அக்கா புருஷனா இருக்கும், அந்தாளுக்கு எப்பவும் முன்னால வந்து நிக்கணும். யாரு? அவளேவா? தமயந்தியா? பெத்தவளே பொண்ணுக்குப் பட்டம் கட்டினாளா? எங்கயாவது உண்டா இது?

சரி, சரி. கட்டினது கட்டினதா இருக்கட்டும். அண்ணன் வந்துக்கிட்டு இருக்கார்னு சொல்லுங்க. பக்கத்து சீட்டுலதான் இருக்கார், சீர்த்தட்டோட வர்றாருன்னு சொல்லுங்க. ஏகாம்பரம்னு பேரைச் சொல்லுங்க.

சொன்னீங்களா? என்ன சொல்றா? ஏன் தம்பி என்னைப் பாக்கறீங்க? என்னன்னுதான் சொல்லுங்களேன்.

"எங்கப்பாவுக்கு நான் ஒரே பிள்ளைங்க. எனக்குக் கூடப்பொறந்தவங்க யாரும் இல்லை. நம்பர் மாறி வந்திருக்கும்"னு சொன்னாளா?

கோவமா சொன்னாளா? இல்லையா. சாதாரணமாவா. சிரிச்ச மாதிரியா. கல்யாண வீட்டுல சாப்பிட்டுப் போங்கன்னு உங்களைக் கூப்பிட்டாளா.

வச்சுட்டாளா?

இருப்பா கண்டக்டர், இறங்கறேன், இறங்கறேன். விசில் அடிக்காதே. எந்த மண்டபம்னு அவ இன்னும் சொல்லலை.